இரண்டாவது பெயர்

அத்தியாயம் 6

திண்டிவனத்தின் அந்த வெயிலில், ஆளே இல்லாத ஒரு மேஜைக்கு டேபிள் ஃபேன் காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்த மேஜைக்குச் சொந்தக்காரி ஆரோக்கியசெல்வி, ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழைய அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. பிரபாவதி அக்காவுக்கு உறுத்தியது. அதனால்தான் எங்கள் ஆபீஸ் போர்டில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது.

நான் இர்பான். கோட்டக்குப்பம். துபாயில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் லைன் அறுந்துபோனால் ஒட்டவைக்கிற வேலை பார்த்தேன். ஒருநாள் அந்த வேலையே அறுந்துபோனது. ஊருக்கு வந்து, விழுப்புரத்தில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் பிரபாவதி அக்காவிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். துப்பறிதல் என்றதும் நீங்கள் எதையாவது கற்பனை செய்துகொள்ளாதீர்கள். முக்கால்வாசி கேஸ், மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்பதுதான். பெரும்பாலும் குடிப்பார்.

இந்தக் கேஸ் வேறு மாதிரி. தாண்டவராயன் என்பவருக்கு விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனை லேப். திண்டிவனத்தில் கிளை. கிளை என்றால் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு செல்வி. இங்கே எடுக்கும் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் விழுப்புரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். அங்கே மெஷினில் ஓட்டி, முடிவை சர்வரில் ஏற்றுவார்கள். செல்வி இங்கிருந்தபடியே அந்த சர்வருக்குள் நுழைந்து ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொடுப்பாள். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் இரண்டு பெயர் இருக்கும். பதிவு செய்தவர், சரிபார்த்தவர். ஒரு கண் தவறவிட்டதை இன்னொரு கண் பிடித்துவிடும் என்று ஏற்பாடு.

போன அமாவாசையன்று ஒலக்கூரைத் தாண்டிய ஒரு காலனியிலிருந்து வேணி என்ற சிறுமிக்கு ரத்தம் எடுத்தார்கள். காய்ச்சல். மெஷின் காட்டிய தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், பதினெட்டாயிரம்; உயிருக்கே ஆபத்தான அளவு. ரிப்போர்ட்டில் வந்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஒரே ஒரு சைபர் கூடுதல். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு நாளில் பிள்ளை போய்ச் சேர்ந்தது.

பதிவு செய்தவர், தாண்டவராயனின் மகன் டாக்டர் ராஜ்குமார். சரிபார்த்தவர், ஆரோக்கியசெல்வி.

"நான் சரிபார்க்கவே இல்ல. கிளைங்கறதால என் பேரு தானா விழுதுன்னு நெனச்சேன். அதுல போட்டிருக்கற நேரத்துல நான் பஸ் ஸ்டாண்டுல இருந்தேன்" என்றாள் செல்வி. முதலாளி தாண்டவராயன் அதை நம்பவில்லை. எங்களைக் கூப்பிட்டு அவர் சொன்னது இது: "பத்து நிமிஷம் யாரும் மவுஸையோ கீபோர்டையோ தொடலன்னா எங்க சர்வரே லைனை அறுத்துடும். ஆளில்லாத கம்ப்யூட்டர்ல வேற எவனும் பூந்துடக் கூடாதுன்னு வச்ச பாதுகாப்பு. அன்னைக்கு பூரா அவ லைன் அறுபடவே இல்ல. அப்போ அவ சீட்டுலதான் இருந்திருக்கா. இதை மட்டும் விசாரிச்சி எழுதிக் குடுங்க. போலீஸ்ல குடுக்கணும்."

தீர்ப்பை அவரே எழுதி வைத்திருந்தார். எங்களிடம் கேட்டது கையெழுத்து மட்டும். வேறு ஆள் கிடைக்கும்வரை செல்வியையே கிளையில் உட்காரவும் வைத்திருந்தார். பிள்ளையைக் கொன்றவள் என்று சொல்லிக்கொண்டே அவளிடம் வேலை வாங்குகிற அந்தப் பெரிய மனசு வேறு யாருக்கு வரும்?

"செல்வி, இவ்ளோ புழுக்கமா இருக்குது. ஃபேனை இந்தப் பக்கம் திருப்பேன்" என்றார் அக்கா.

செல்வியின் கையிலிருந்த அட்டை நின்றது. "அது... அங்கயே இருக்கட்டும்கா."

"ஏன், மேஜைக்கு வேர்க்குதா?" என்றேன் நான்.

அக்கா எழுந்து போய் ஃபேனை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அதன் அடிப்பாகம் மேஜையோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டப்பட்டிருந்தது. அக்கா அடுத்ததாக மவுஸைக் கையில் எடுத்தார். அதன் மேலும் பிளாஸ்திரி, பிளாஸ்திரிக்கு அடியில் காயத்துக்குக் கட்டும் துணிநூல் கொஞ்சம்.

"இதுக்கு எங்கே அடிபட்டுச்சி?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா ஃபேனின் கம்பிவலையைத் தடவினார். அங்கேயும் அதே நூல், முடிச்சோடு. அவர் மவுஸிலிருந்த நூலை அந்த முடிச்சில் கட்டி, ஃபேன் தலை இடமும் வலமும் திரும்பும்படி பட்டனை அழுத்தினார். ஃபேன் தலையை இடது பக்கம் திருப்பியது, மவுஸ் இடது பக்கம் போனது. வலது பக்கம் திருப்பியது, மவுஸும் கூடவே வந்தது. திரையில் அம்புக்குறி ஊஞ்சலாடியது.

துபாயில் எத்தனையோ ஏமாற்று வேலைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு குளுகுளுவென்று ஒன்றைப் பார்த்ததில்லை.

"அக்கா, மவுஸ் ஆடிக்கினே இருந்தா, ஆள் உட்கார்ந்து வேலை பாக்கறாங்கன்னு சர்வர் நெனச்சிக்கும். ஆயுசுக்கும் லைன் அறுபடாது" என்றேன்.

செல்வி அழவில்லை. அழுது முடித்தவள் போல இருந்தாள். "சொன்னா, அதுக்கும் சேர்த்து என்னைத்தான் திட்டுவாங்கன்னு சொல்லலக்கா. மத்தியானம் பெட்டியை எடுத்துக்கினு பஸ் ஸ்டாண்ட் போவணும். கண்டக்டரு கையைக் காலைப் புடிச்சி ஏத்தணும். திரும்பி வர்றதுக்குள்ள லைன் போயிடும். மறுபடி உள்ள போவணும்னா ஓடிபி ராஜ்குமார் சார் போனுக்குத்தான் போவும். கேட்டா கத்துவாரு. இங்க பேஷண்டுங்க கத்துவாங்க. பேஜாரா இருந்திச்சி."

"பத்து நிமிஷம்னு வச்சவருக்கு, நீ பஸ் ஸ்டாண்ட் போய் வர எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாதா?"

"தெரியும்கா. அதனாலதான் சாரே ஃபேன்ல கட்டிடுன்னு சொல்லிக் குடுத்தாரு."

அக்கா நிமிர்ந்தார். "எந்த சார்?"

"ராஜ்குமார் சாரு. எனக்கு இவ்ளோ மூளை ஏதுக்கா?"

பூட்டைப் போட்டவரே சாவியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓடிபி சொல்லச் சோம்பேறித்தனம் என்று நான் நினைத்தேன். அக்கா அப்படி நினைக்கவில்லை.

"என்னைக்காவது ஃபேன் ஓடாம போயிருக்குதா?"

"ஒருநாள் கரண்ட் ஆபீஸ்ல மெயின்டனன்ஸ்னு நிறுத்திட்டாங்க. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்குது, ஃபேனுக்கு இல்ல. நான் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருக்கேன், சார் போன் பண்றாரு. ஏம்மா, அங்க கரண்ட் இல்லையா, ஃபேன் ஓடலையான்னு. அன்னைக்கு விழுப்புரத்துல இருந்து ஒரு ரிப்போர்ட்டும் வரல. பேஷண்டுங்க என்னைப் புடிச்சிக் காய்ச்சிட்டாங்க. அடுத்த நாள் மத்தியானம்தான் எல்லாம் மொத்தமா வந்திச்சி."

"விழுப்புரத்துல அன்னைக்குக் கரண்ட் இருந்ததா?"

"இருந்திச்சிக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். "இர்பான், விழுப்புரத்துல ரத்தம் இருக்குது, மெஷின் இருக்குது, டாக்டர் இருக்காரு, கரண்டும் இருக்குது. திண்டிவனத்துல ஒரு ஃபேன் நின்னா அங்க ரிப்போர்ட் ஏன் நிக்குது?"

அக்கா செல்வியிடம் திரும்பினார்.

"செல்வி, நீ கிளம்பும்போது சாருக்குச் சொல்லுவியா?"

"மிஸ்டு கால் குடுக்கணும். பெட்டி கிளம்பிடுச்சின்னு அவருக்குத் தெரியணுமாம்."

"சரி. இன்னைக்கும் குடு. போனை மேஜையிலயே வச்சிட்டு, பெட்டியை எடுத்துக்கினு போ. வெளிய பூட்டிக்கோ. நாங்க உள்ள இருக்கோம்."

செல்வி மிஸ்டு கால் கொடுத்து, போனை மேஜையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். "அக்கா, போலீஸு, வேலை எதுவும் எனக்கு வாணாம். வேணியோட அப்பா தென்னரசு அண்ணன் எங்க காலனிதான். நான் எதிர்ல வந்தா மூஞ்சைத் திருப்பிக்கினு போறாரு. நான் பாக்கல, நான் பண்ணலன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அவர் நம்பற மாதிரி. அது போதும்."

கதவு பூட்டப்பட்டது. ஃபேன் தலையாட்டிக்கொண்டே இருந்தது.

"அக்கா, நம்மள உள்ள வச்சிப் பூட்டறாங்க. நம்ம தொழில்ல இது முன்னேற்றம்தான்" என்று சொல்லி, பையிலிருந்த வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நீட்டினேன். அக்கா ஒன்றை எடுத்தார். தோலை உரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்புக்குறி இடமும் வலமும் ஆடியது. பிறகு ஆடுவதை நிறுத்திவிட்டு மேலே போனது.

ஃபேனால் மவுஸை மேலே கொண்டுபோக முடியாது. நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அக்காவும் மேஜையைத் தொடவில்லை. அம்புக்குறி தானாகவே பட்டியலைத் திறந்தது. 'சரிபார்த்தது' என்ற கட்டத்தில் ஒரு டிக். அடுத்த பெயர், அடுத்த டிக். நடுநடுவே ஃபேன் இழுத்த இழுப்புக்குக் கொஞ்சம் விலகிப்போய், திரும்பி வந்து டிக் போட்டது. ஒரு ரிப்போர்ட்டையும் திறந்து பார்க்கவில்லை.

"யாரு?" என்று அக்கா மெல்லக் கேட்டார்.

"சர்வர் யார் கையில இருக்குதோ அவருதான். அடுத்தவங்க லைன் உயிரோட இருந்தா அதுக்குள்ள பூந்து அவங்க பேர்லயே வேலை பாக்கலாம். வழக்கமா அந்தப் பக்கம் அனுமதி கேக்கும். இவரு கேக்காமலே நுழையற மாதிரி மாத்தி வச்சிருக்காரு. ஒரே கண்டிஷன், லைன் உயிரோட இருக்கணும். பத்து நிமிஷத்துல செத்துட்டா இவரால ஒண்ணும் பண்ண முடியாது."

"அதனாலதான் ஃபேன்."

"ஃபேன் செல்விக்கு இல்லக்கா. அவருக்கு."

நான் என் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை செத்து, மேலே போட்ட மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் மனிதர் பழையபடி டிக் டிக்கென்று போய்க்கொண்டிருக்கிறார். பொறுக்க முடியாமல் கீபோர்டை இழுத்து, திரையில் தெரிந்த குறிப்புக் கட்டத்தில் தட்டினேன்: 'சார், ஒண்ணையாவது திறந்து பாத்துட்டு டிக் போடுங்க.'

அம்புக்குறி நின்றது. ஃபேன் மட்டும் அதை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

மேஜையில் செல்வியின் போன் அடித்தது. அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். டாக்டர் ராஜ்குமாரின் குரல் கேட்டது. "செல்வி? நீ பஸ் ஸ்டாண்ட் போகல?"

"போயிருக்குது டாக்டர்" என்றார் அக்கா. "நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்க, இல்லையா?"

அன்று மாலையே விழுப்புரத்தில், தாண்டவராயனின் குளிரூட்டிய அறையில், என் போனை அவர் முன்னால் வைத்தோம். அவர் இரண்டு தடவை பார்த்தார். பக்கத்தில் நின்ற மகனைப் பார்க்கவில்லை.

"ஃபேன்ல கட்டினது அவ கைதானே?" என்றார்.

"கட்டச் சொன்னது யாரு வாய்னு உங்க பையனைக் கேளுங்க ஐயா" என்றார் அக்கா.

டாக்டர் ராஜ்குமார் அப்பாவைப் பார்த்து வெடித்தார். "என்னப்பா பண்ணச் சொல்றீங்க? சரிபார்க்கிற டெக்னீஷியன் வேலையை விட்டுப் போய் ஆறு மாசம் ஆச்சு. வேற ஆள் போடுங்கன்னு எத்தனை தபா கேட்டேன்? ரெண்டு பேர் இல்லாம ரிப்போர்ட் வெளிய போகாது. நான் ஒருத்தன்தான் இருக்கேன். இன்னொரு பேருக்கு எங்க போவேன்?"

"அதுக்கு ஒரு பொண்ணோட பேரை எடுத்துக்கினீங்க" என்றார் அக்கா.

"அந்த சைபர் தெரியாம விழுந்தது மேடம். வேணும்னேவா பண்ணேன்?"

"தெரியாம விழும்னுதான் ரெண்டாவது கண்ணு வைக்கிறாங்க. அந்தக் கண்ணைப் புடுங்கிட்டு அங்க ஒரு ஃபேனை வச்சீங்களே, அது தெரிஞ்சு செஞ்சது."

தாண்டவராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் பழைய தாண்டவராயனாக ஆகிவிட்டார். "நீங்க ஃபேன் வரைக்கும் எழுதுங்க. லைனைத் திறந்துபோட்டுட்டு வெளிய போனா, அதனால தப்பு நடந்திடுச்சின்னு. அதுக்கு மேல வேணாம். நான் உங்களை அமர்த்தினவன்."

"விசாரிக்கத்தான் அமர்த்தினீங்க. விசாரிச்சிட்டோம். முழுசும் திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போகும். உங்களுக்கும் ஒரு காப்பி வரும்" என்று அக்கா எழுந்தார்.

நான் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினேன். "ஐயா, உங்க ஏசி நல்லா குளுருது. திண்டிவனத்துக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஃபேன் வேற வேலைக்குப் போயிடுச்சி."

பஸ்ஸில் அக்கா என்னைத் திட்டவில்லை. அதற்கே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை செல்வியோடு அவளுடைய காலனிக்குப் போனோம். அக்காவின் கையில், நடந்ததெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட கவர். செல்விக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்தது. வழியெல்லாம் செல்வி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். தென்னரசுவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாள் என்று புரிந்தது.

தென்னரசு வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குக் கிளம்பத் தலையில் துண்டு கட்டியிருந்தார். செல்வியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை" என்றாள் செல்வி.

அக்கா சுருக்கமாக, மவுஸ், சர்வர் என்ற வார்த்தைகள் இல்லாமல், அவருக்குப் புரியும்படி சொன்னார். செல்வி பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்ற நேரத்தில், விழுப்புரத்திலிருந்து டாக்டர் அவள் பெயரில் புகுந்து, பார்க்காமலே பார்த்ததாகப் போட்டுவிட்டார் என்று. நான் போனில் படத்தைக் காட்டினேன். அம்புக்குறி தானாக நகர்வதைத் தென்னரசு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அப்போ நீ பாக்கவே இல்லியா பாப்பா?"

"இல்லண்ணே." செல்வியின் முகம் அந்த ஒரு நொடி மலர்ந்தது. எத்தனை நாளாகச் சுமந்த வார்த்தை அது. "சத்தியமா இல்லண்ணே. நான் பாக்கவே இல்ல."

தென்னரசு துண்டை அவிழ்த்தார். மடித்தார். எங்களிடம் இல்லை, அந்தத் துண்டிடம் பேசுவது போலப் பேசினார்.

"புள்ளைக்கு வைத்தியம் பாத்த டாக்டரு அன்னைக்கே சந்தேகப்பட்டாரு. புள்ள காலுல செவப்பு செவப்பா புள்ளி இருக்குதே, எதுக்கும் இன்னொரு தபா ரத்தம் எடுத்துப் பாத்துடலாமான்னு கேட்டாரு. நான்தான் வாணாம் சார்னேன். மறுபடியும் ஊசி போட்டா புள்ள அழுவும். ரிப்போர்ட்டு அடியில உன் பேரு இருந்திச்சி. நம்ம காலனியில படிச்சி வெள்ளைக் கோட்டு போட்ட மொத பொண்ணு. நம்ம செல்வி பாத்துக் குடுத்திருக்குது சார், அது தப்பா குடுக்காதுன்னு அடிச்சிச் சொன்னேன். சரிப்பான்னு அவரும் உட்டுட்டாரு."

அவர் துண்டை மறுபடி தலையில் கட்டினார். "நீயாவது பாத்திருப்பேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாப்பா. பாத்து, தப்பா பாத்துட்டேன்னு. யாருமே பாக்கலியா?"

தென்னரசு அவள் தோளை லேசாகத் தொட்டுவிட்டு, வரப்பைப் பார்த்து நடந்தார்.

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பேன் என்று பெயர் எனக்கு. அன்றைக்கு வைத்திருக்கவில்லை.

அக்கா கவரை நீட்டினார். "செல்வி, இதை வச்சிக்கோ. உன்மேல தப்பில்லன்னு இதுல எழுதியிருக்குது."

செல்வி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டவே இல்லை.